ஹாஜியாரின் இருதய வருத்தம்

அத்தியாயம் பதினொன்று

அச்சிமுகம்மது ஹாஜியாரின் இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தும் கல்முனையில் அவரை அறிந்த அத்தனை பேரும் அவரை இருதய நோயாளி என்றே நம்பினார்கள். நம்பவைத்தவர் ஹாஜியாரேதான்.

போன மாதம் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த கையோடு அவர் இரத்தமாக வாந்தி எடுத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் கமராக் குழாயை விட்டு, உணவுக்குழாயில் வீங்கி வெடித்திருந்த நாளங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் சுருங்கி, மேடும் பள்ளமுமாக இறுகிப்போயிருந்தது. இரத்தத்தில் ஏறிய இருபது வருடச் சீனி வருத்தமும் அதே இருபது வருடத்தில் வளர்ந்த தொந்தியும் சேர்ந்து பார்த்த வேலை. கொழுப்புப் படிந்த ஈரல் மெல்ல மெல்லத் தழும்பாகிவிட்டது. இனிப் பழையபடி ஆகாது, ஆனால் மருந்தோடு ஒழுங்காக இருந்தால் நெடுநாள் ஓட்டலாம் என்றார் டொக்டர் நிலாந்தினி.

ஹாஜியார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். 'சிரோசிஸ்' என்ற சொல் வந்ததும்தான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது குடிகாரனுக்கு வருகிற வருத்தம் என்பது ஊருக்கே தெரியும். ஹாஜியாரின் வாயில் சோடாவைத் தவிர நுரைக்கிற எதுவும் பட்டதில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் முன்னாள் தலைவர், ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் ஆயுட்காலப் போஷகர், அகில இலங்கை சமாதான நீதவான். இவை மூன்றும் கேற்றில் கறுப்புப் பளிங்கில் பொன்னெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பலகைக்குக் கீழே சுருங்கிய ஈரலை எப்படி வைப்பது?

இருதயம் கௌரவமான உறுப்பு. உழைத்தவனுக்கும் ஊரைச் சுமந்தவனுக்கும்தான் அது பழுதுபடும். ஆஸ்பத்திரியில் இருந்து முச்சக்கர வண்டி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஹாஜியார் தன் நோயை மாற்றிக்கொண்டுவிட்டார்.

மால்ட் டின்னும் கிறீம் கிறெக்கரும் சுமந்து நோய் விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஈரல் வலப்பக்கம் இருப்பதுதான் பெரிய உபத்திரவம். கை தன்பாட்டில் அந்தப் பக்கம் போய்விடும். அவருடைய மனைவி, பிள்ளைகளின் உம்மா, கதவோரம் நின்று கண்ணைக் காட்டுவார். கை இடப்பக்கம் மாறும். "அஞ்சு அடைப்பாமே ஹாஜியார்?" என்று ஒருவர் கேட்டபோது, மறுப்பது மரியாதையில்லை என்று ஹாஜியார் பேசாமல் இருந்தார். மறுநாள் அது ஆறு அடைப்பானது.

உண்மை தெரிந்தவர்கள் வீட்டுக்குள் நான்கே பேர்: உம்மா, மூத்த மகள் சுஹறா, சுஹறாவின் கணவன் முனாப், இளைய மகள் றிபா. நான்கு பேருடைய வாயையும் ஹாஜியார் ஒரே வசனத்தில் கட்டிப்போட்டிருந்தார்.

"ஈரல் எண்டு ஒரு சொல்லு வெளிய போனா றிபாட கலியாணம் அண்டையோட சரி."

இன்று சனிக்கிழமை. மருதமுனையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள்.

*

சுஹறா காலையிலேயே குசினிக்குள் நுழைந்தாள். உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா பாணி மருந்து குடிச்சாரா உம்மா?"

"குடிப்பாரு."

"குடிப்பாரா, குடிச்சாரா?"

உம்மா முட்டையை இன்னும் வேகமாக அடித்தார். "புள்ள, இண்டைக்கி மட்டும் உட்டுடு. சம்மந்தி ஆக்கள் வந்து குந்தியிரிக்கக்குள்ள இவரு மூணு தரம் எழும்பிக் கக்கூசுக்கு ஓடினா என்ன நெனைப்பாங்க?"

"வயித்தால போகுதெண்டு நெனைப்பாங்க."

"சமாதான நீதவானுக்கா?"

சுஹறா ராக்கைத் தட்டில் இருந்த பாணி மருந்துப் போத்தலை எடுத்தாள். புதன்கிழமை அவளே வாங்கி வந்தது. மூடியின் வளையம் உடைபடவில்லை.

"உம்மா! இத இன்னும் தொறக்கவே இல்ல. மூணு நாளாக் குடிக்கல்லையா?"

"முதல்லயே நிப்பாட்டிப் பழகினாத்தான் இண்டைக்கி நிம்மதியாக் குந்தலாமெண்டாரு. நான் என்ன செய்ய? நீயே போய் அவருக்கிட்ட கதை."

விருந்தாளிக்காக நாற்காலிக்கு உறை மாற்றுவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஹாஜியார் தன் குடலை ஒழுங்குபடுத்தியிருந்தார்.

டொக்டர் நிலாந்தினி சுஹறாவைத் தனியாக அழைத்துச் சொன்னவை அப்படியே நினைவில் இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாக வயிற்றால் போகத்தான் வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாணி. குடலில் ஊறுகிற நஞ்சை இந்த ஈரலால் வடிகட்ட ஏலாது. தேங்கினால் நேரே மூளைக்குப் போகும். பகலில் தூங்குவார், இரவில் விழிப்பார், நாள் கிழமை தடுமாறும். பஸ்ஸை மறிக்கிற மாதிரிக் கைகளை நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்லிப் பாருங்கள். கை சிறகு அடிக்கிற மாதிரி விழுந்து விழுந்து எழும்பினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். தாமதித்தால் மயக்கத்துக்குப் போய்விடுவார். எல்லோரும் அதில் இருந்து திரும்பி வருவதில்லை.

"ராவைக்குத் தூங்கினாரா?"

"ரெண்டு மூணு ராவாத் தூக்கமில்ல மகள், வளவுக்குள்ள நடந்து திரிஞ்சாரு. நேத்துத்தான் ஆரோ கூட்டாளி ஒரு தூக்கக் குளிசை குடுத்தாராம். அத போட்டுட்டு நல்லாத் தூங்கினாரு. இப்பதான் எழுப்பி உட்ட."

சுஹறா வாப்பாவின் அறைக்கு ஓடினாள்.

ஹாஜியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரன், தொப்பி, அத்தர். எல்லாம் சரியாக இருந்தன, பொத்தான்கள் மட்டும் ஒரு படி தள்ளிப் பூட்டப்பட்டிருந்தன.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஜும்ஆவுக்கு ஏன் இன்னும் பாங்கு சொல்லல்ல?" என்றார்.

"இண்டைக்கி சனி வாப்பா."

"அதத்தான் நானும் சொல்றன்."

ஐம்பது வருடம் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர். தவறே விட்டாலும் தீர்மானம் நிறைவேற்றுகிற குரலில்தான் விடுவார்.

"வாப்பா, ரெண்டு கையையும் ஒருக்கா நீட்டுங்க பாப்பம்."

"அச்சிமுகம்மது ஆருக்கிட்டயும் கை நீட்டினதில்ல."

"டொக்டர் சொன்ன மாதிரி வாப்பா. ஒரு நிமிசம்."

"டொக்டர் சின்னப் புள்ள" என்றார் ஹாஜியார். சொல்லி முடிக்க அவருக்கு வழமையை விட நேரம் எடுத்தது. கண்கள் மூடித் திறந்தன. சுஹறா அவருடைய கையைப் பிடிக்கப் போனபோது கேற்றடியில் வேன் ஹோர்ன் அடித்தது.

"வந்திற்றாங்க!" என்று முனாப் ஓடி வந்தான். "மாமா, வாங்க."

ஹாஜியார் எழுந்தார். நடை ஒரு பக்கம் சாய்ந்தது. முனாப் தோளைக் கொடுத்தான். அது மருமகனின் மரியாதை போலத் தெரிந்தது.

*

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் கிழக்குக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் கடமை. விருந்தாளிகள் வந்திறங்கிய இந்தப் பெரிய வீடு சுஹறாவுக்குக் கொடுத்தது. அவள் கலியாணத்தோடு ஹாஜியாரும் உம்மாவும் பக்கத்து இரண்டு அறைகளுக்கு ஒதுங்கினார்கள். றிபாவுக்கான வீடு பின்வளவில் இன்னும் முடியாமல் கூரை மட்டத்தில் நிற்கிறது.

கொடுத்தது என்றால், வாயால் கொடுத்தது. "உறுதிப் பத்திரம் எழுதிப் போட்டா நல்லம்தானே" என்று முனாப்பின் வாப்பா அந்த நாளில் மெல்ல இழுத்தபோது, ஹாஜியார் சிரித்தார். "அச்சிமுகம்மதுட வாய்ச்சொல்லுதான் உறுதி." அதற்கு மேல் யாரும் கதைக்கவில்லை. வீடு இன்னும் ஹாஜியாரின் பேரில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையின் வாப்பா உதுமாலெவ்வை மருதமுனையில் சாரன் கடை வைத்திருப்பவர். தொந்தியில் ஹாஜியாருக்குச் சளைத்தவர் அல்ல. இரண்டு மைத்துனர்களோடு வந்து நடுச் சோபாவில் அமர்ந்தார். அவருடைய மனைவி உள்ளே பெண்களோடு சேர்ந்துகொண்டார். சுஹறா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவள் கண் வாப்பாவின் மேல்.

"சொகமா ஹாஜியார்? நெஞ்சு வருத்தம் எப்படி?"

ஹாஜியார் உதுமாலெவ்வையை நெடுநேரம் பார்த்தார். வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஹாஜியார், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒவ்வொரு எழுத்தாக.

"என்ன நிதானம்!" என்று ஒரு மைத்துனர் மற்றவரிடம் கிசுகிசுத்தார்.

இளைஞர்களின் போக்கைப் பற்றி உதுமாலெவ்வை கதைத்தார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். ஆழ்ந்து கேட்கிறார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். பசளை, உர விலையைக் கதைத்தார். ஹாஜியார் பெருமூச்சு விட்டார். அதுவும் பொருத்தமாகவே இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார், பாதி சாரனில் கொட்டியது. ஆறு அடைப்பு உள்ள மனிதர், பாவம்.

ஐம்பது வருடமாகச் சேர்த்துவைத்த தோரணை, நஞ்சேறிய மூளைக்கு இப்படிக் குடை பிடித்தது. திரைக்குப் பின்னால் நின்ற சுஹறாவுக்கு மட்டும் அந்தக் குடை ஓட்டையாகத் தெரிந்தது.

"அப்ப மத்த விசயத்தையும் கதைச்சிருவம்" என்று உதுமாலெவ்வை தொண்டையைச் சரிசெய்தார். "புள்ளைக்கி ஊடு?"

'பின்வளவு ஊடு, மூணு மாசத்துல முடிச்சிக் குடுப்பன்.' இதை ஹாஜியார் நேற்று உம்மாவிடம் நாலு தரம் சொல்லிப் பார்த்திருந்தார்.

ஹாஜியார் சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கையை அகல விரித்தார்.

"இந்த ஊடு."

உதுமாலெவ்வை சோபா விளிம்புக்கு நகர்ந்தார்.

"இந்த... பெரிய ஊடா ஹாஜியார்?"

"இதான். றிபாக்கு."

"மாஷா அல்லாஹ்!" என்றார் உதுமாலெவ்வை. எதிர்பார்த்தது கோழி, வந்து நிற்கிறது மாடு. "பெரிய மனசு ஹாஜியார். வாக்கெண்டா இது வாக்கு."

முனாப்பின் கையில் இருந்த மஸ்கட் இனிப்புத் தட்டு மெல்லக் கீழிறங்கியது. அவன் திரைப் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒன்பது வருடக் குடித்தனம் இருந்தது.

சுஹறா திரையின் ஓரத்தைப் பிடித்தாள். இப்போது உள்ளே போய், வாப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீடு போகிறது என்றதும் பெற்ற வாப்பாவைப் பைத்தியமாக்கிவிட்டாள் என்பார்கள். நாளைக்கு மருதமுனை வரைக்கும் அதுதான் கதை. றிபாவின் கலியாணமும் போகும். பேசாமல் இருந்தால் விருந்தாளிகள் சாப்பிட்டு, பின்னேரம் அஸர் தொழுது, ஆறுதலாகப் போவார்கள். அதுவரை வாப்பா?

வாப்பாவின் தலை மார்பில் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது.

சுஹறா திரையை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

"வாப்பா, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க."

ஹாஜியார் அவளைப் பார்த்தார். யாரென்று யோசிப்பது போலப் பார்த்தார். பிறகு கீழ்ப்படிந்து கைகளைத் தூக்கினார்.

இறைவனிடம் துஆ கேட்கப் போகிறார் என்று உதுமாலெவ்வை நினைத்தார். அவரும் கையை ஏந்தினார். மைத்துனர்களும் ஏந்தினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் முனாப்பும் தட்டை வைத்துவிட்டு ஏந்தினான். உள்ளே பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

சுஹறா வாப்பாவின் உள்ளங்கைகளை நிமிர்த்தி விரல்களை விரித்துவிட்டாள். கைகள் ஒரு கணம் நின்றன. பொத்தென்று விழுந்தன. எழும்பின. மறுபடி விழுந்தன.

"ஆமீன்" என்றார் ஒரு மைத்துனர், சற்றுத் தயங்கி.

"இது துஆ இல்ல" என்றாள் சுஹறா. "வாப்பாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். மாமா, ஒங்கட வேன் வேணும்."

உள்ளே இருந்து மாப்பிள்ளையின் உம்மாவுடைய குரல், மெதுவாகத்தான், ஆனால் கேட்கும்படியாக வந்தது: "ஊட்டக் குடுத்த ஒடன மகளுக்கு வருத்தம் வந்திற்று பாருங்க."

சுஹறா திரும்பவில்லை. உம்மா சீனித்தண்ணியோடு ஓடி வந்தார், சீனி இறங்கிவிட்டது என்று. சுஹறா வாப்பாவின் விரலில் குத்தி மெஷினில் பார்த்தாள். சீனி இறங்கவில்லை, வழமைபோல ஏறித்தான் நின்றது.

"இஞ்சருங்க, அந்தப் பக்கம் புடிங்க" என்றாள் முனாப்பிடம்.

வேனில் ஹாஜியார் முன்சீற்றில்தான் ஏறுவேன் என்று நின்றார். ஏற்றினார்கள். "கூட்டத்துக்கு நேரமாகுது" என்று சாரதியை அதட்டினார். பத்து வருடத்துக்கு முன்னால் மவுத்தாகி மண்ணுக்குள் போன செயலாளரின் பேரைச் சொல்லி, அறிக்கை எங்கே என்று கேட்டார். பின்சீற்றில் உதுமாலெவ்வை அப்போதுதான் முதல் முறையாகச் சுஹறாவைச் சந்தேகமில்லாமல் பார்த்தார்.

*

அவசர சிகிச்சைப் பிரிவில் டொக்டர் நிலாந்தினி ஹாஜியாரின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வீங்கிய வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?"

"தலைவர் வந்த பிறகு சொல்லுவம்" என்றார் ஹாஜியார்.

"நெஞ்சு வருத்தக்காரர் டொக்டர்" என்று உதுமாலெவ்வை முன்னால் வந்து உதவினார். "ஆறு அடைப்பு."

"ஆர் சொன்னது? நெஞ்சு நல்லா இருக்கு. இவருக்கு ஈரல்." டொக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "மதுபானம் பாவிக்கிறவரா?"

வரிசையில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் அங்கத்தவர்கள்.

வாப்பா ஒரு மாதமாகக் காத்த ரகசியம் அந்த இடத்தில் நின்றது. சுஹறா பள்ளிக்கூடத்தில் தன் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரலில், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு சொட்டும் இல்ல டொக்டர். சீனியும் கொழுப்பும். அதால ஈரல் சுருங்கினது. போன மாசம் ரத்தமாச் சத்தியெடுத்து நீங்கதானே கட்டினீங்க. மூணு நாளாப் பாணி குடிக்கல்ல. நேத்து ராவைக்கி ஒரு தூக்கக் குளிசையும் போட்டிரிக்காரு."

டொக்டர் பேனாவை நிறுத்தினார். "தூக்கக் குளிசையா? மூணு நாள் வயிறும் போகாம, அதுக்கு மேல தூக்கக் குளிசை." அவர் கோபப்படவில்லை. தாதியைக் கூப்பிட்டு எனிமாவுக்குச் சொன்னார். உள்ளே எங்கேயும் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்தார்கள்.

"இந்தக் கிழமை முழுக்க மாட்டிறைச்சி கொடுத்திட்டம் டொக்டர்" என்று உம்மா அழுதார். "ஆள் மெலிஞ்சி தெரியாம இரிக்கட்டுமெண்டு. அதால வந்ததா?"

"இறைச்சியால இல்லம்மா. சாப்பாட்டை நிப்பாட்டாதீங்க, தசை கரைஞ்சா இன்னும் மோசம். உப்பைக் குறைங்க. கருவாடு, ஊறுகாய் வேண்டாம். பாணியை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்."

உதுமாலெவ்வை தூணோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டொக்டர்" என்றார் மெல்ல. "குடிக்காத ஆளுக்கும் இது வருமா?"

"நல்லா வரும். சீனி இருக்கா ஐயா உங்களுக்கு?"

"பதினஞ்சு வருசம்."

டொக்டர் அவருடைய தொந்தியை ஒரு பார்வை பார்த்தார். "ஒருக்கா வந்து ஈரலை ஸ்கேன் பண்ணிப் பாருங்க."

சற்று நேரம் கழித்துச் சுஹறா தண்ணீர் போத்தல் வாங்கப் போனபோது, நடைபாதைத் தூணுக்குப் பின்னால் உதுமாலெவ்வை இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பெஞ்சில் அவருடைய மைத்துனரும் அதையே செய்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் உதுமாலெவ்வை கையை இறக்கிச் சேட்டைத் தட்டிவிட்டார்.

"நாங்க வாறம் மகள். ஊட்டுல கதைச்சிட்டுச் சொல்றம்."

"கோபமில்லையே மாமா? மறைச்சது பிழைதான்."

"பாப்பம்" என்றார் உதுமாலெவ்வை. அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை கதவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே சுஹறா வார்ட்டுக்குத் திரும்பினாள்.

*

எனிமா தன் வேலையைச் செய்தது. அதை வர்ணிப்பது சமாதான நீதவானுக்கு மரியாதையில்லை. தாதி இரண்டு முறை விரிப்பை மாற்றினார் என்பதோடு விட்டுவிடுவோம்.

அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டபோது ஹாஜியார் கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். சுஹறாவைப் பார்த்தார்.

"இதென்ன, ஆஸ்பத்திரியா?"

"ஓம் வாப்பா."

"இண்டைக்கி சனிதானே? அவங்க வரல்லையா?"

கட்டிலைச் சுற்றி நின்ற நால்வரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். சோற்றுப் பார்சலோடு வந்திருந்த றிபா சிரித்தே விட்டாள்.

"வந்தாங்க வாப்பா. துஆவும் கேட்டாங்க" என்றாள்.

"என்னடி சிரிக்கிற? என்ன நடந்த?"

சுஹறா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தேத்தண்ணி கொட்டியதை, கைகள் விழுந்ததை, வேனை. வரிசையில் வைத்து டொக்டர் கேட்டதை, தான் சொன்ன பதிலை.

"ஈரல் எண்டு சொல்லிட்டியா?"

"ஓம்."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"ரெண்டு பேரு ஒங்கட சங்கத்து ஆக்கள்."

ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். இம்முறை நித்திரைக்காக மூடவில்லை. "மகள் எண்டு வளத்தன்" என்றார்.

"மறுகா ஒரு விசயம் மாமா" என்று முனாப் தொடங்கினான். சுஹறா பார்த்த பார்வையில், "நான் ஒண்டும் சொல்லல்ல" என்று முடித்துக்கொண்டான். ஒன்பது வருடத்தில் அவன் அதிகம் சொன்ன வசனம் அதுதான்.

றிபாதான் சொன்னாள். "வாப்பா, சுஹறா ராத்தாட ஊட்ட எனக்குத் தாறெண்டு வாக்குக் குடுத்தீங்க. சபையில."

"நானா?"

"நீங்கதான். கைய விரிச்சி."

ஹாஜியார் தேடிப் பார்த்தார். காலை முழுவதும் அவருக்குள் வெறும் மேகமாக இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார்.

"சொன்னா சொன்னதுதான். நான் தெளிவாத்தான் இரிந்திருப்பன்."

உம்மா தலையில் கை வைத்தார். "என்ன கதை இது? அப்ப சுஹறா எங்க போற, புள்ளையளோட?"

"பின்வளவு ஊட்ட முடிச்சிக் குடுக்கிறன். அச்சிமுகம்மதுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்செண்டு ஊர் கதைக்கிறதா? நாளைக்கி ஆரு சமாதான நீதவானெண்டு எனக்கிட்ட ஒரு கையெழுத்துக்கு வருவான்?"

சுஹறா பாணிப் போத்தலின் மூடியைத் திருகினாள். வளையம் உடைந்தது. மூடியில் அளந்து ஊற்றினாள்.

"வாப்பா, ஊடு போனாப் போகட்டும். அவள் என்ட தங்கச்சி, ஆரோ இல்ல. ஆனா நீங்க தெளிவா இரிந்ததெண்டு சொன்னா, அப்ப ஒங்களுக்கு வருத்தமில்ல. வருத்தமில்லாத ஆளுக்குப் பாணி என்னத்துக்கு? அடுத்த நல்ல நாள் வரக்குள்ள மறுகா நிப்பாட்டுவீங்க. அண்டைக்கி நான் கிட்ட இல்லாட்டி நீங்க எழும்பமாட்டீங்க. டொக்டர் சொன்ன இதான். இதுக்கு மேல நான் ஒண்டும் கேக்கல்ல."

ஹாஜியார் மூடியை வாங்கினார். இனிப்பான அந்தக் குழம்பைக் கசப்பு மருந்து குடிப்பவர் போலக் குடித்து முடித்தார். வெறும் மூடியை அவளிடமே நீட்டினார்.

றிபா கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். "என்னய ஒருத்தரும் கேக்கல்ல. ராத்தாட அடுப்பக் கிளப்பிட்டு அதுல நான் சோறாக்கணுமா? அந்த ஊட்டுக்காகத்தான் அவரு வாறெண்டா, எனக்கு அவரு வேணாம்."

"வாய மூடு கா" என்றார் உம்மா. அதில் கோபம் இருக்கவில்லை.

அப்போதுதான் சுஹறாவின் கைபேசி அடித்தது. உதுமாலெவ்வை. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மகள், ஹாஜியார் எப்படி? கண்ண முழிச்சிட்டாரா? அல்ஹம்துலில்லாஹ்." குரல் இதமாகத்தான் இருந்தது. "ஊட்டுல எல்லாரும் கதைச்ச. வருத்தம் அல்லாஹ்ட நாட்டம், ஆருக்கும் வரும். நாளையிண்டைக்கி எனக்கும் ஸ்கேன். கலியாணத்துக்கு எங்களுக்கொரு தடையும் இல்ல."

உம்மா அல்லாஹ்வைப் புகழ்ந்தார். முனாப் நெற்றியைத் துடைத்தான்.

"ஒரே ஒரு விசயம்" என்றது கைபேசி. "அந்தப் பெரிய ஊட்டுக் கதை. அத ஹாஜியார் சுயநினைவோட சொன்னாரா, இல்ல வருத்தத்துல சொன்னாரா? சுயநினைவோட சொன்னதெண்டா மாப்பிள்ளைக்கிச் சொல்லணும், அவன் பாத்துக்கொண்டிரிக்கான். வருத்தத்துல வந்த கதையெண்டா நாங்க ஒரு சொல்லும் கேக்கமாட்டம், வல்லாஹி, சத்தியமா. நீங்க சொல்ல வேணாம் மகள், தப்பா நெனைக்காதீங்க. ஹாஜியார்ர வாயால கேக்கணும். அவருக்கிட்ட குடுங்க."

சுஹறா கைபேசியை வாப்பாவிடம் நீட்டினாள்.

ஹாஜியார் வாங்கினார். காதில் வைத்தார். கூட்டம் தொடங்குமுன் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று செருமுவது போலச் செருமினார். பக்கத்துக் கட்டில்காரரும் அவரைப் பார்க்க வந்தவர்களும் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஹலோ" என்றது மறுமுனை. "ஹாஜியார்? தெளிவாத்தானே இரிந்தீங்க?"

றிபா தமக்கையின் கையைப் பிடித்தாள். ஹாஜியாரின் வாய் திறந்தது. அவருடைய கண் சுஹறாவிடம் போனது, அங்கிருந்து அவள் கையில் இருந்த வெறும் மூடிக்குப் போனது.

"ஹலோ, ஹாஜியார்? நான் கதைக்கிற கேக்குதா?"

ஹாஜியாருக்கு நன்றாகவே கேட்டது.